ஹாக்கி அணி யாருக்குச் சொந்தம்?

நெய்வேலி நகரியத்தில் வட்டத்துக்கு வட்டம் குடியிருப்பு, சாலை, மைதானம் என எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த நிறுவனம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தபோது ஊரே கொந்தளித்தது. 2006-ல் மத்திய அரசு 10 சதவீதப் பங்குகளை விற்க முடிவு செய்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. 2013-ல் மறுபடியும் அதே பிரச்சினை வந்தபோது 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. சங்கம் இருந்தது, குரல் கேட்டது.

இதே கேள்வியை இந்திய ஹாக்கி ரசிகர்களும் பல வருடங்களாகக் கேட்டார்கள். ஆனால் அவர்களுக்குச் சங்கம் இல்லை!

ஹாக்கிதான் தேசிய விளையாட்டு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அப்படி எந்த விளையாட்டையும் அதிகாரபூர்வமாக அறிவிக்கவில்லை என்று 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசே பதில் சொன்னது. ஆக, சட்டப்படி பார்த்தால் ஹாக்கி அணி நாட்டின் சொத்து அல்ல. அதை நடத்தியது ஒரு சம்மேளனம், அவ்வளவுதான்.

கில் காலம் (1994 - 2008)

பஞ்சாப் காவல்துறைத் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில் 1994-ல் இந்திய ஹாக்கி சம்மேளனத்தின் தலைவரானார். 14 வருடம் அந்த நாற்காலி அவரிடமே இருந்தது. 1928 முதல் 1980 வரை எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு இது. கடைசித் தங்கம் வென்ற மாஸ்கோ அணியின் கேப்டன் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். அப்படிப்பட்ட அணியில் பயிற்சியாளர்கள் அடிக்கடி மாற்றப்பட்டார்கள், வீரர்கள் காரணம் தெரியாமல் நீக்கப்பட்டார்கள்.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில், 32 வருடத்துக்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றது. கேப்டன் தன்ராஜ் பிள்ளை, புனே அருகே கட்கியில் வளர்ந்த தமிழர். வெற்றிக்குப் பரிசு என்ன தெரியுமா? அடுத்த அணியில் தன்ராஜ், கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் உள்ளிட்ட பலருக்கு இடமில்லை. 'ஓய்வு' என்றது சம்மேளனம். பணப்படி பற்றி வாய் திறந்ததற்குத் தண்டனை என்றே ரசிகர்கள் நம்பினார்கள்.

2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 80 வருடத்தில் முதல்முறையாக இந்தியா ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. அடுத்த மாதமே, அணியில் இடம் தரப் பணம் வாங்கியதாகப் பொதுச்செயலாளர் கே. ஜோதிகுமரன் மீது ஒரு தொலைக்காட்சியின் ரகசிய கேமரா மூலம் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் பதவி விலகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. 14 வருடமாக ரசிகர்களால் முடியாததை ஒரு கேமரா சில நாளில் செய்து முடித்தது.

பணம் எங்கே?

ஆள் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். 2010 ஜனவரியில், உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருக்கும்போது, புனே முகாமில் வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். தரவேண்டிய பணம் தரப்படவில்லை என்பதே காரணம். நாடு முழுவதும் ஆதரவு திரண்ட பிறகு, ஸ்பான்சர் சஹாரா பணம் கொடுக்க முன்வந்து பிரச்சினை தீர்ந்தது. நெய்வேலித் தொழிலாளி கையில் எடுத்த அதே ஆயுதம்தான் அங்கேயும் பலித்தது.

2012-ல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி வந்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தைத் தன் ஊராகக் கொண்டு 'சென்னை சீட்டாஸ்' ஆடியது. தொடர் முடிந்ததும் சம்பளப் பாக்கி என்ற புகார் வந்தது. இரண்டாவது சீசன் நடக்கவே இல்லை. 2013-ல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கிலும் இதே கதை. முதல் கோப்பையை வென்ற ராஞ்சி ரைனோஸ், உரிமையாளர்களுக்கும் ஹாக்கி இந்தியாவுக்கும் இடையிலான தகராறில் 2014-க்குப் பிறகு காணாமல் போனது. அதன் ரசிகனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு முதலாளி, வேறு பெயரோடு 'ராஞ்சி ரேஸ்' வந்தது. 2017-க்குப் பிறகு அந்த லீக்கும் நின்று போனது.

பாடம்

2018-ல் ஒடிசா அரசு தேசிய அணிகளுக்கு ஸ்பான்சர் ஆனது. சம்பளம், மைதானம், முகாம் என்ற கவலை குறைந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 வருடத்துக்குப் பிறகு வெண்கலம், 2024 பாரிஸில் மீண்டும் வெண்கலம். பணம் மட்டுமே பதக்கம் தராது என்பது உண்மைதான். ஆனால் அடுத்த மாதச் செலவுக்குக் கவலைப்படும் வீரனிடம் பதக்கம் கேட்பது நியாயமும் இல்லை.

2024 டிசம்பரில் லீக் மறுபடி தொடங்கியது, 'தமிழ்நாடு டிராகன்ஸ்' என்ற அணியும் வந்திருக்கிறது. ரசிகன் டிக்கெட் வாங்குகிறான், பெயர் சொல்லிக் கத்துகிறான், தோற்றால் சாப்பிடாமல் தூங்குகிறான். கணக்கு நோட்டில் மட்டும் அவனுக்குப் பங்கு இல்லை. அந்தக் கணக்கைக் காட்டு என்று கேட்கும் உரிமையாவது அவனுக்கு வேண்டும். அது கிடைக்கும் வரை எந்த அணியையும் 'நம்ம அணி' என்று சொல்வது பாசத்தால்தான், உரிமையால் அல்ல.