தீப்பொறிக்குப் பின்னால் ஒரு காகிதம்

கிண்டி தொழிற்பேட்டை பக்கம் நடந்து போனவர்கள் பட்டறை வாசலில் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். கேட்டும் கிரில்லும் செய்ய வெல்டரின் கைப்பழக்கம் போதும். ஆனால் அனல்மின் நிலையத்துக்குப் போகும் பாய்லருக்கு? "நம்ம ஆளு நல்லா பண்ணுவாரு" என்பதெல்லாம் அங்கே செல்லாது. எந்த இரும்பு, எந்த ராடு, எத்தனை ஆம்பியர், முன்னால் எவ்வளவு சூடேற்ற வேண்டும் எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். டபிள்யூ.பி.எஸ். என்று அதைச் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுப்பாடு சும்மா வரவில்லை. 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. அடுத்த ஆண்டே வங்காளத்தில் பாய்லர் சட்டம் வந்தது. 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் ப்ராக்டன் நகரில் ஷூ தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் (ஏ.எஸ்.எம்.இ.) 1914-இல் தன் பாய்லர் விதிகளை உருவாக்கியது.

அது ரிவெட் அடித்த பாய்லர்களின் காலம். ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம், சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். வெல்டிங்கில் அந்த வசதி கிடையாது! உள்ளே ஓட்டை இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். ஆனால் சூட்டில் உலோகம் கடினமாகி, நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. ராடு ஈரமாக இருந்தால் ஹைட்ரஜன் உள்ளே போய், வேலை முடிந்து ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். (நம்ம சென்னைக் காற்றின் ஈரப்பதம் உங்களுக்கே தெரியும்.) முடித்த பிறகு முழுவதும் சோதிக்க முடியாது, அதனால் முன்பே நிரூபித்துவிட வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. விதிகளில் வெல்டிங் தகுதிக்கென்று ஒன்பதாம் பிரிவு 1941-இல் வந்தது.

நிரூபிப்பது எப்படி? ஒரு மாதிரித் தகட்டை எழுதியபடியே வெல்டிங் செய்து, துண்டுகளாக வெட்டி, சிலவற்றை இழுத்து அறுப்பார்கள், சிலவற்றை 'ப' போல வளைப்பார்கள். வளைந்த இடத்தில் 3 மி.மீ.க்கு மேல் விரிசல் திறந்தால் ஃபெயில். சோதனையில் உண்மையில் ஓடிய ஆம்பியர் உட்பட எல்லாம் பி.க்யூ.ஆர். என்ற பதிவில் ஏறும். எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால் அதுதான் வவுச்சர். அது இல்லாமல் டபிள்யூ.பி.எஸ். வெறும் காகிதம் :)

இந்தியாவில் 1923-இல் பாய்லர் சட்டமும் 1950-இல் அதற்கான ஒழுங்குவிதிகளும் வந்தன (1923 சட்டத்தின் இடத்தில் இப்போது 2025 சட்டம்). தமிழ்நாட்டில் இதை பெரிய அளவில் கொண்டுவந்தது திருச்சி பெல். 1965-இல் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு அங்கே உயர் அழுத்தப் பாய்லர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு பாய்லரில் ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகள், அத்தனையும் பல கைகள் போட்டவை. எல்லாம் ஒரே மாதிரி வர வேண்டும். 1975-இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கினார்கள்.

முறை பாஸ் ஆனாலும் வெல்டருக்குத் தனிப் பரீட்சை உண்டு. ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி, அந்த வகை வெல்டிங்கை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் அவர் தகுதி காலாவதி. இருபது வருட அனுபவசாலியும் மறுபடி தன் தகுதியை நிரூபித்தே ஆக வேண்டும்.