கில்அத்தும் வெள்ளிக் கெண்டியும்

செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில் குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். செஞ்சிக் கோட்டைக்குள்ளோ, ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசல் நிற்கிறது. சிற்பிகளின் தெய்வ உருவங்களும் நவாபுகளின் தர்பார் வழக்கமும் பிற்காலத்தில் ஆங்கிலேயரின் தேநீர் மேசையில் ஒன்றாய்ச் சேர்ந்த விந்தையையே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

தர்பாருக்கு வருவோர் நஜ்ர் செலுத்துவர். அரசர் கில்அத் வழங்குவார். ‘கலஅ’ என்னும் அரபுச் சொல்லுக்குக் களைதல் என்பது பொருள். தாம் அணிந்த ஆடையைக் களைந்து பிறருக்கு அணிவிப்பதே ஆதியில் கில்அத். கொடுப்பவர் மேனியில் பட்டது என்பதே அதன் பெருமை, விலையன்று.

1761இல் செஞ்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. கும்பெனியார் பரிசு என்ற பெயரில் வாங்கிக் குவித்தது எல்லை மீறவே, 1773ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்தது. ஆங்கிலேயரின் சொந்த வழக்கமோ வேறு. வென்ற தளபதிக்கும் விடைபெறும் அதிகாரிக்கும் பெயர் பொறித்த வெள்ளிக் கிண்ணமோ தட்டமோ அளிப்பது அவர்கள் மரபு.

சென்னையில் அத்தகைய வெள்ளிக்குப் பெயர் பெற்றது, கடிகாரத் தொழிலினரான பீட்டர் ஓர் 1849இல் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ். அங்கே செய்யப்பட்ட ‘சுவாமி’ வெள்ளியில், கெண்டி, சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை எங்கும் தெய்வ உருவங்கள் நெருங்கி நிற்கும். கைப்பிடியில் நாகம் வளையும். இந்நாட்டுத் தட்டார்களுக்கு வெள்ளி பெரும்பாலும் ரூபாய் நாணயத்தை உருக்கியே கிடைத்தது. 180 கிரெயின் எடையுள்ள ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் தரத்துக்குச் சற்றே குறைவு. தகடாக அடித்து, அரக்கின் மேல் பதித்து, சிற்றுளியால் தட்டித் தட்டி உருவங்களைப் புடைக்கச் செய்வர்.

1875 டிசம்பர் 13இல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். இந்தியப் பயணத்தில் அவர் பெற்ற பரிசுகள் மறு ஆண்டே இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இந்திய வெள்ளிக்கு அங்கே கிராக்கி மிகுந்தது.

வெள்ளிக் கலத்தில் பருகுதல் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை வாசகர் அறிவர். நம் வியப்பு தேநீருக்காக அன்று, கைவினைக்காகவே!

இலண்டன் வெள்ளியைக் கவிழ்த்துப் பார்த்தால் தரம், ஆண்டு, பட்டறைக்காரர் மூன்றுக்கும் முத்திரை இருக்கும். அதிலும் கடைசி முத்திரை பெரும்பாலும் முதலாளியுடையதே. சென்னை வெள்ளிக்கு அன்று அரசு முத்திரைச் சட்டமே இருக்கவில்லை. அடியில் ‘ஓர்’ என்று கடையின் பெயர் இருக்கிறது. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் மேலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. தட்டிய தட்டாரின் பெயருக்கு மட்டும் அக்கெண்டியில் இடம் வைக்கவில்லை.