உறைந்த மழையும் ஆறு கைகளும்



பண்டிகைக்கு ஆலய முகப்பில் தொங்கவிட வாலிபர் ஐக்கியத்தார் இவ்வாண்டு ஒரு பனிப்பூவைத் தம் கைகளாலேயே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். பிளைவுட் பலகையில் வரைந்து, அறுத்து, வெள்ளை வர்ணம் பூசி, எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துகிற வேலை. முதல் நாள் என்னிடம் காட்டிய வரைபடத்தில் அந்தப் பூவுக்கு எட்டுக் கைகள் இருந்தன. காகிதத்தை மடித்து வெட்டிப் பழகியவர்களுக்கு எட்டுதான் எளிதாக வரும். மெய்யான பனிப்பூவுக்கு ஆறு கைகளே உண்டு என்று சொன்னேன். "ஏன் ஐயா ஆறு?" என்று ஒரு தம்பி கேட்டான். அக்கேள்விக்கு நான் அன்று சொன்ன பதில் அரைகுறையானது. ஆகவே இந்த வாரம் அதையே எழுத எடுத்துக்கொண்டேன்.

பனி பொழிவதைக் கண்ணால் காணாத தேசத்தார் நாம். நமது பழைய வேதாகம மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இது இடறலாக இருந்திருக்க வேண்டும். தமிழில் பனி என்றால் விடியற்காலைப் புல்லின்மேல் நிற்கும் ஈரம். ஆகையால் வானத்திலிருந்து வெண்மையாக விழும் பனிக்கு அவர்கள் 'உறைந்த மழை' என்று பெயரிட்டார்கள். யோபு 38-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் யோபுவிடம் அதன் பண்டசாலைகளைக் குறித்து வினவும் இடத்தில் அச்சொல்லைக் காண்கிறோம். அழகான சொல்தான், ஆயினும் அறிவியலின்படி முற்றிலும் சரியல்ல. மழைத்துளி உறைந்தால் அது உருண்டையான பனிக்கட்டியாகும். பனிப்பூவோ துளியாகாமலே, மேகத்திலுள்ள நீராவி நேரடியாகப் படிகமாவதால் பிறக்கிறது.

ஏன் ஆறு என்ற கேள்வியை ஐரோப்பாவில் முறையாகக் கேட்டு ஒரு சிறு நூலே எழுதியவர் யோகான்னஸ் கெப்ளர். கோள்களின் பாதையைக் கண்டறிந்த அதே கெப்ளர்தான். போதகராக வேண்டும் என்ற விருப்பத்தோடு டியூபிங்கன் நகரில் இறையியல் கற்றவர் அவர், பின்னர் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார். பிராக் நகரில் வாழ்ந்த நாட்களில் தம்மை ஆதரித்த வாக்கர் என்னும் கனவானுக்குப் புத்தாண்டுப் பரிசு கொடுக்க விரும்பினார். கையில் பணமில்லை. பாலத்தைக் கடந்தபோது அங்கியின்மேல் விழுந்த பனிப்பூக்களைக் கண்டு, இதுவே தகுந்த பரிசு என்று எண்ணியதாக அவர் எழுதுகிறார். பனிக்கு லத்தீனில் 'நிக்ஸ்' என்று பெயர். அவருடைய தாய்மொழியான ஜெர்மனில் அதையொத்த ஓசையுடைய சொல்லுக்கு 'ஒன்றுமில்லை' என்பது பொருள். ஒன்றுமில்லாதவன் கொடுக்கும் ஒன்றுமில்லாத பரிசு என்ற சிலேடையோடு 1611-இல் அந்நூல் வெளிவந்தது. தேன்கூட்டின் அறைகளையும், மாதுளை முத்துக்கள் நெருங்கி அமர்ந்திருக்கும் விதத்தையும், உருண்டைகளை அடுக்கும் முறையையும் அவர் அதில் ஆராய்ந்தார். ஆயினும் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அதை மறைக்காமல், வேதியியலார் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

விடை இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவானது. நீர் மூலக்கூறுகள் உறையும்போது ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அறுகோண வளையங்களாக அமைகின்றன. அந்த மிகச் சிறிய அறுகோணமே வளர்ந்து, மூலைகளில் ஆறு கிளைகளை நீட்டுகிறது. மூலைகள் ஈரமான காற்றுக்குள் சற்று முன்னே நீண்டிருப்பதால் நீராவி முதலில் அவற்றையே எட்டுகிறது. ஆகவே அவை விரைவாக வளர்கின்றன. ஜப்பானின் ஹொக்கைடோவில் உகிசிரோ நகாயா என்ற அறிஞர் 1936-இல் முயலின் ஒற்றை மயிரின் நுனியில் செயற்கைப் பனிப்பூவை வளர்த்து, எந்த வெப்பநிலையிலும் ஈரத்திலும் எந்த வடிவம் பிறக்கும் என்று வகைப்படுத்தினார்.

ஆனால் நம் கண்ணில் பதிந்திருக்கும் பனிப்பூவை, அதாவது வாழ்த்து அட்டையிலும் கடைவீதியிலும் காணும் உருவத்தை, உலகுக்குக் கொடுத்தவர் ஒரு விவசாயி. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் ஊரில் 1865-இல் பிறந்த வில்சன் பென்ட்லி. ஊரின் பெயரைப் பாருங்கள். யோசுவாவின் எரிகோவேதான் அது! ஆசிரியையாக இருந்த அவருடைய தாய் ஒரு பழைய நுண்ணோக்கியைக் கொடுத்தார். அதன் வழியாகக் கண்டதை வரைந்து முடிப்பதற்குள் பூ உருகிவிடும். பின்னர் புகைப்படக் கருவி வாங்கப்பட்டது. அதை நுண்ணோக்கியோடு இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனிப்படிகத்தின் புகைப்படத்தை எடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. கணப்பு இல்லாத கொட்டகையில் நின்று, கறுப்புப் பலகையில் விழும் பூக்களை ஏந்தி, தகுந்ததைத் தெரிந்தெடுத்து, இறகால் மெல்லக் கண்ணாடித் தகட்டில் படியவைத்து, தம் மூச்சு பட்டு உருகாதபடி மூச்சடக்கிப் படமெடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் அதிகமான படங்கள். கண்ணாடித் தகட்டுப் பிரதிகளை ஐந்து சென்ட்டுக்கு விற்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோவது நியாயமல்ல. பென்ட்லி நகல் தகடுகளில் பூவின் ஓரத்தைச் சுற்றிலும் மேற்பூச்சைச் சுரண்டிப் பின்னணியைக் கறுப்பாக்கினார். பூ பளிச்செனத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். ஜெர்மனியின் வானிலை ஆய்வாளர் ஹெல்மன் இதைக் குற்றமாகக் கண்டார். அவர் எடுப்பித்த படங்களில் கோணலும் ஒழுங்கின்மையுமான பூக்கள் நிறைய இருந்தன. அதில் உண்மை உண்டு. விழும் பனியில் பெரும்பாலானவை உடைந்தவை, ஒட்டிக்கொண்டவை, ஒரு கை குட்டையானவை. பென்ட்லி அழகானவற்றை விரும்பித் தெரிந்துகொண்டார். நாம் பலகையில் அறுக்கும் பூ, அவர் தெரிந்துகொண்ட பூக்களின் சந்ததி. ஆனாலும் அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் எண்ணவில்லை. பூவின் உள்ளமைப்பை அவர் மாற்றவில்லை. சுற்றிலுமிருந்த வெளிச்சத்தை மட்டுமே நீக்கினார்.

2,400-க்கும் மேற்பட்ட படங்களோடு அவருடைய நூல் 1931 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதமே பனிப்புயலில் பல மைல் நடந்து வீடு திரும்பியவர் நிமோனியாவில் விழுந்து, டிசம்பர் 23 அன்று அதே பண்ணை வீட்டில் மரித்தார்.

இனி விளக்கின் கதை. பண்டிகை மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் ஜெர்மானிய நாடுகளிலிருந்து பரவியது. உலர்ந்த மரமும் திறந்த நெருப்பும் ஒரே அறையில் இருந்தால் என்ன நேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்தின் அருகே வாளியில் தண்ணீர் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. 1882 டிசம்பரில் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 சிறு மின்விளக்குகளைப் பொருத்திச் சுழலவிட்டார். அன்று அது செல்வந்தருக்கு மட்டுமே எட்டிய வேடிக்கை; ஒவ்வொரு விளக்கையும் மின்பணியாளர் கையால் இணைக்க வேண்டியிருந்தது. கோத்து முடித்த விளக்குச் சரங்கள் 1903-இல்தான் அங்கே விற்பனைக்கு வந்தன. பின்னாளில் பரவிய மலிவான சரத்தில் 15 வோல்ட் விளக்குகள் எட்டைத் தொடராக இணைத்து, அந்நாட்டு வீட்டு மின்சாரமான 120 வோல்ட்டை அவற்றுக்குப் பங்கிட்டார்கள். ஒன்று அணைந்தால் எட்டும் அணையும். நாம் இன்றும் 'சீரியல் செட்' என்று சொல்வது இந்தத் தொடரிணைப்பின் பெயரால்தான்.

எல்.இ.டி.யின் வரலாறு இன்னும் புதியது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் எல்.இ.டி.யை 1962-இல் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். பச்சையும் மஞ்சளும் பின்தொடர்ந்தன. பிரகாசமான நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் கைக்கு எட்டவில்லை. நீலமின்றி வெள்ளை இல்லை, வெள்ளையின்றிப் பனிப்பூ ஏது? காலியம் நைட்ரைடு என்னும் பொருளில் நல்ல படிகம் வளராது என்று பலர் கைவிட்டபோது, ஜப்பானின் நகோயாவில் அகாசாகியும் அவருடைய மாணவர் அமானோவும் விடாமல் முயன்று 1986-இல் அதை வளர்த்தார்கள். ஒரு சிறு நிறுவனத்தில் தனியே உழைத்த நகாமுரா 1993-இல் பிரகாசமான நீல விளக்கை அறிவித்தார். நீல ஒளியின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைச் சேர்த்தே வெள்ளை பெறப்பட்டது. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. பனிப்பூவும் ஒரு படிகம், அதை ஒளிரச் செய்கிற விளக்கின் உள்ளிருப்பதும் ஒரு படிகம். காலியம் நைட்ரைடின் அமைப்பும் அறுகோணமே. இதை அறிந்த நாளில் சற்று நேரம் வேறெதுவும் எழுத முடியாமல் அமர்ந்திருந்தேன்.

நம் வாலிபரின் பூவுக்கு வருவோம். 60 பாகை இடைவெளியில் ஆறு கைகள், ஒரு கைக்கு மூன்று வெள்ளை எல்.இ.டி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றைத் தொடராக இணைத்தால் 9. அடாப்டர் தருவது 12. எஞ்சிய 3 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் அதன் அளவு 150 ஓம். ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் விளக்கு கருகும். இத்தகைய ஆறு கைகளையும் இணையாக இணைத்தால் மொத்தம் 120 மில்லி ஆம்பியர். ஒன்றரை வாட்டுக்கும் குறைவு. பூ முழுவதற்கும் இவ்வளவே செலவு. ஒரு கை பழுதானாலும் மற்ற ஐந்தும் எரியும்.

அடாப்டரை மழை படாத இடத்தில் வையுங்கள், வீட்டு மின்சாரத்தை நேரடியாகப் பலகைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை முதன்முறை ஏற்றிப் பார்த்தோம். ஐந்து கைகள் எரிந்தன. ஆறாவது இருண்டு கிடந்தது. எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்மின் பக்கம் இருக்க வேண்டும். அந்தக் கையில் நடுவிலுள்ளது திருப்பி வைக்கப்பட்டிருந்தது. எட்டுக் கைகள் வரைந்த அதே தம்பி ஏணியில் ஏறி, ஈயப்பற்றை இளக்கி அதைத் திருப்பிப் பொருத்தினான். கீழே நின்று நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.