சாலை ஸ்போர்ட்ஸ் கார்களின் சஸ்பென்ஷன் மேம்பாடு

ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனை உரிமையாளரே தன் விருப்பத்துக்குத் திருத்திக்கொள்ள முதலில் வழிவிட்டது உராய்வு டாம்பர். பிரான்சில் ட்ரூஃபோ வடிவமைத்த இதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்ட்ஃபோர்டு அமெரிக்காவில் பரப்பினார். அடுக்கிய தட்டுகள் ஒன்றோடொன்று உரசி ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். நடுவிலுள்ள நட்டை முறுக்கினால் பிடி இறுகும். உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பென்ட்லி, புகாட்டி கார்களிலும் இவை இருந்தன. ஆனால் சிறு மேடுகளில் தட்டுகள் அசையாமல் இறுகி நிற்கும். பெரிய குழியில் சக்கரம் வேகமாக எகிறும்போது எதிர்ப்பு அதற்கேற்பக் கூடாது.

எண்ணெய் டாம்பர் இந்தக் குறையைத் தீர்த்தது. சிறு துளைகள் வழியே எண்ணெய் பாய்வதால், வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். எனினும் நெடுநேரம் உழைத்தால் எண்ணெய் நுரைத்து டாம்பர் தளரும். இதைத் தடுக்க 1950களில் பிரெஞ்சுப் பொறியாளர் த கார்பன், ஒரே குழாயில் உயர் அழுத்த வாயுவையும் எண்ணெயையும் மிதக்கும் பிஸ்டனால் பிரித்துவைத்தார். 1957இல் பில்ஸ்டீன் அதை மெர்சிடிஸ் பென்ஸுக்காகப் பெருமளவில் தயாரித்தது.

லோட்டஸின் காலின் சாப்மன், 1962இல் வெளிவந்த எலானில் மென்மையான ஸ்பிரிங்கோடு நல்ல டாம்பரை இணைத்தார். கரடுமுரடான சாலையில் டயர் தரையை விடாதிருக்க இதைவிடச் சிறந்த வழி அரிது. பின்னர், டாம்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த, உயரம் மாற்றத்தக்க காயிலோவர்கள் பந்தயத்திலிருந்து சாலைக்கு வந்தபோது, பலர் காரைத் தாழ்த்துவதையே மேம்பாடாகக் கொண்டனர். மிகையாகத் தாழ்த்தினால் சஸ்பென்ஷன் அசையும் தூரம் குறைந்து ரப்பர் தடுப்பில் மோதும். மேக்பர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் கொண்ட கார்களில், வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் மையம் காரைவிட வேகமாகக் கீழிறங்குவதால், ஸ்பிரிங்கை இறுக்காவிட்டால் வளைவில் சாய்வு கூடவும் செய்யும்.