பச்சை அலமாரியில் சாக்லேட்

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் தொழில். இதில் சேர்ந்த புதிதில் என் பையில் பட அட்டைகள்தான் நிறைய இருக்கும்: சாவி, குடை, சீப்பு. காட்டுவேன்; நோயாளி பெயர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மொழிக்குப் பழுதில்லை என்று எழுதிவிடுவோம்.

அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். 1861 ஏப்ரலில், பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்பவர் இறந்தார். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்பார்; அங்கே அவரை அழைத்ததும் அப்படித்தான். அவர் மூளையைப் பரிசோதித்த பால் புரோக்கா, இடது முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே, அப்போது 26 வயது, பேச்சைப் புரிந்துகொள்ளும் இடத்தையும் இடப்பக்கமே சற்றுப் பின்னால் காட்டினார். அப்புறம் நூறு ஆண்டுகளுக்கு மொழி என்றாலே இடது மூளைதான். வலப்பக்கம் அடிபட்டவர்கள் அட்டைகளுக்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொல்லி வீட்டுக்குப் போனார்கள். “பேசறார், ஆனா பேச்சு ஒட்டல” என்று மனைவிமார் சொல்வதை எழுதிக்கொள்ள எங்கள் படிவத்தில் இடமில்லை.

1983-இல் பாஸ்டனில் ஹைரம் பிரவுனல், ஹோவர்ட் கார்ட்னர் குழுவினர் அட்டையை விட்டுவிட்டு ஜோக்கைக் கையில் எடுத்தார்கள். ஜோக்கின் முன்பாதியைச் சொல்லி, முடிவுக்குச் சில வரிகளைக் கொடுத்து, எது பொருந்தும் என்று கேட்டார்கள். (சோதனைக்கூடத்துக்குள் போன ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை, அது வேறு விஷயம்.) ஜோக்கின் முடிவில் ஒரு திடுக் வேண்டும் என்பது வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் திடுக் மட்டும் இருந்து, கதைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத வரியைக்கூடத் தேர்ந்தெடுத்தார்கள். முன்னே சொன்னதோடு பின்னே வருவதைக் கோக்கத்தான் வரவில்லை.

அதே ஆண்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் இருவரும், அடுத்தவர் மனத்தில் இருப்பதைக் குழந்தைகள் ஊகிப்பார்களா என்று பார்க்க, அவர்களுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி நீல அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா கேக்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைப் பச்சை அலமாரியில் வைக்கிறாள். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பச்சையைக் காட்டின. ஆறு வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் நீலத்தைக் காட்டினார்கள். இதையே பொம்மைகளும் கோலிக்குண்டும் வைத்து 1985-இல் லண்டனில் செய்தபோது, ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறினார்கள்.

என் கணிப்பில் 1995-இல் வந்த லண்டன் ஆய்வுதான், கதையைக் கோப்பது, மனத்தைப் படிப்பது என்ற இரண்டு வழிகளும் சேர்ந்த இடம். பால் ஃப்ளெச்சர், ஃப்ரான்செஸ்கா ஹாப்பே, உட்டா ஃப்ரித் முதலானோர் மூன்று வகைப் பகுதிகளைப் படிக்கக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஒன்றில் பாத்திரத்தின் மனம் புரிந்தால்தான் கதை புரியும். இன்னொன்றில் நடப்பது மட்டும் தெரிந்தால் போதும். மூன்றாவதில் ஒன்றோடொன்று ஒட்டாத வாக்கியங்கள். மனத்தைப் படிக்கவேண்டிய கதைகளில் நெற்றிக்குப் பின்னால், உட்பக்கமாக ஓரிடம் தனித்துத் தெரிந்தது. 2003-இல் ரெபெக்கா சாக்ஸும் நான்சி கான்விஷரும் காதுக்கு மேலே பின்புறம் இன்னோர் இடத்தைக் காட்டினார்கள். எடுத்த பிறகு காட்சி மாறிவிட்டதால் பழையதாகிப்போன புகைப்படத்தைப் பற்றிய கதையைவிட, ஒருவர் தவறாக நம்புவதைப் பற்றிய கதைக்கு அது கூடுதலாக வேலை செய்தது. மூளையின் வலப்பக்கத்திலும் அந்த இடம் தெரிந்தது. பாஸ்டன் நோயாளிகளின் சிக்கலை அந்த ஓரிடத்தின் தலையில் கட்ட எனக்குத் தயக்கம்தான். அடிபட்ட மூளையில் சேதம் ஒருபோதும் அத்தனை ஒழுங்காக விழுவதில்லை.