விக்ரமும் ஜீனோவும்

வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து அண்மையில் அப்படியொரு தொகுப்பு இறங்கி வந்தது. ஓரங்கள் பழுத்து உதிர்கின்றன. உள்ளே குமுதத்தில் வெளிவந்த சுஜாதாவின் 'விக்ரம்'. சுஜாதாவின் தொடர்கதை என்றதும் ஜெயராஜின் கோடுகளைத்தான் கண் தேடும். இங்கே ஓவியத்துக்குப் பதில் கமல்ஹாசனின் புகைப்படங்கள். கதை வாரந்தோறும் அச்சாகிக்கொண்டிருந்தபோதே அதன் படப்பிடிப்பும் நடந்துகொண்டிருந்தது.

திரைக்கு இணையாக, திரையின் பொருட்டு எழுதப்படும் நாவல் என்பது மேலைநாடுகளில் ஒரு முழுநேரத் தொழில். ஜேம்ஸ் பிளிஷ் 1959இல் ஹியூகோ பரிசு பெற்ற, மதிக்கத்தக்க விஞ்ஞானக் கதாசிரியர். அவரே 1967 முதல் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் திரைப்பிரதிகளை வைத்துக்கொண்டு அவற்றைச் சிறுகதைகளாக்கித் தொகுதி தொகுதியாக எழுதினார்; 1975இல் இறக்கும்வரை அந்த வேலை அவரை விடவில்லை. இங்கிலாந்தின் டெரன்ஸ் டிக்ஸ் 'டாக்டர் ஹூ' தொடரிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட நாவல்களை உருவாக்கினார். வீடியோ நாடா வீட்டுக்கு வராத அந்நாளில், ஒளிபரப்பி முடிந்த கதையை மீண்டும் அடைய அந்த மலிவுப் பதிப்புகளே பிள்ளைகளுக்கு வழி. இலக்கியவாதிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒரு தலைமுறை வாசிக்கக் கற்றது அவற்றில்தான் என்பதைப் பின்னாளில் பலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மிடம் இதற்கு ஈடாக இருந்தவை பாட்டுப் புத்தகமும் கதைவசனப் புத்தகமும்தான். 'பராசக்தி', 'மனோகரா' வசனங்களைப் புத்தகமாக வாங்கி மனப்பாடம் செய்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவை படம் பார்த்தவனுக்கு நினைவூட்டும் நூல்கள், நாவல்கள் அல்ல. அந்த இடத்தில் ஒரு நாவலாசிரியர் வந்து நின்றது, நாமறிந்தவரை, சுஜாதாவிடம்தான். ஏன் அவரிடம் என்பதற்கான விடையின் ஒரு பகுதி தாம்பரத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், குரோம்பேட்டையில் கிடைக்கிறது.

குரோம் முறையில் தோல் பதனிட்ட ஓர் ஆலையால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே 1949இல் சி. ராஜம் என்பவர் தம் மாளிகையை விற்ற பணத்தையும் போட்டு ஒரு தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். எம்.ஐ.டி. என்று அந்த வட்டாரமே அழைக்கும் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த எஸ். ரங்கராஜன் ஐம்பதுகளில் இங்கு வந்து மின்னணுவியல் பயின்றார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதே திருச்சிக் கல்லூரியிலிருந்து வந்து விமானப் பொறியியல் படித்தவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் தமிழில் எழுதி, ஆனந்த விகடனின் தேவனிடமிருந்து முதற்பரிசு பெற்றதைக் கலாம் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். பொறியியல் கல்லூரிக்குள் ஒரு தமிழ்ச் சங்கம். அங்கு பரிசு வழங்க ஒரு வார இதழ்க்காரர். இந்தச் சேர்க்கையை நாம் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. தமிழ்த் துறைகளில் அந்நாளில் பொறியியலாளர் எவரையும் அழைத்துப் பேசவைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. (இன்றும் அநேகமாக இல்லை.)

ரங்கராஜன் பிறகு விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றினார். அதன்பின் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே இருந்ததால் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டது எல்லோரும் அறிந்த கதை. 1968இல் 'நைலான் கயிறு'. அதன்பின் வாரத்துக்கு வாரம் கெடு தவறாத எழுத்து. குறித்த அளவில், குறித்த நாளில், குறித்த இடத்தில் பொருந்தும்படி ஒன்றைச் செய்துகொடுப்பது ஒரு பொறியாளருக்குத் தாழ்ச்சியாகத் தோன்றாது. திரைக்கான நாவலுக்கு வேண்டிய முதல் மனநிலை இதுதான். நம் தீவிர எழுத்தாளர்களுக்கு அது வாய்த்ததில்லை; அதை ஒரு குறையாகவும் நாம் சொல்ல வரவில்லை.

1986 வரை போக்கு ஒரே திசையில்தான் இருந்தது. நாவல் முன்னே போயிற்று; சினிமா பின்னே வந்தது. 'காயத்ரி' 1977இல் படமாயிற்று, 'ப்ரியா' அடுத்த ஆண்டு, 'கரையெல்லாம் செண்பகப்பூ' 1981இல். 'விக்ரம்' அந்த வரிசையைக் கலைத்தது. அக்னிபுத்ரா என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது. அதை மீட்க ஒரு உளவாளி, ஒரு கணிப்பொறி வல்லுநர், சலாமியா என்ற கற்பனை நாடு. இவை யாவும் ஒரு நடிகரையும் ஒரு படப்பிடிப்பையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாவலாக இதைச் சுஜாதாவின் நல்ல படைப்புகளில் சேர்க்க நமக்கு மனம் வரவில்லை. மனிதர்கள் தட்டையாக இருக்கிறார்கள். புகைப்படம் பக்கத்திலேயே இருப்பதால் முகத்தை விவரிக்கும் தேவை எழுத்துக்கு அற்றுப்போகிறது. ஆனால் ஏவுகணை, கணிப்பொறி என்னும் சொற்கள் பேருந்து நிலையப் பெட்டிக்கடை வரைக்கும் சென்றது இந்தப் பக்கங்களின் வழியாகவும்தான். மூன்றாண்டு கழித்து, 1989 மே மாதத்தில், சண்டிப்பூரிலிருந்து இந்தியா உண்மையாகவே ஒரு ஏவுகணையைச் செலுத்தியது. அதன் பெயர் அக்னி. அதன் பின்னணியில் இருந்தவர் குரோம்பேட்டையில் படித்த அந்த மற்றவர்.

எண்பதுகளிலேயே ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' வந்தது. தொடர்ந்து 'மீண்டும் ஜீனோ'. இவற்றின் கதை வேறு. நாம் இப்போது வாழ்ந்து கடக்கிற இந்த 2020களில் நிகழ்வதாக எழுதப்பட்ட கதை. ஜீவா என்ற தனியொருவனின் ஆட்சி. குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள். பிள்ளை பெற அரசின் அனுமதி. நிலாவின் கணவன் சிபி காணாமற்போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்பவன் ஒரு இயந்திர நாயோடு வந்து சேர்கிறான். நாய் புத்தகம் படிக்கிறது, எதிர்த்துப் பேசுகிறது, மெல்ல மெல்ல மனிதர்களைவிட மனிதத்தன்மை கொள்கிறது. ஜீவாவோ வெறும் ஒளிப்பிம்பம் என்று பிற்பாடு தெரியவருகிறது. திரை எவ்வளவு பெரிய பொய்யைத் தாங்கும் என்று கேட்ட இந்த நாவலையே தூர்தர்ஷன் தொடராக ஒளிபரப்பியது. அதைக் கண்ட நம் வயதினருக்கு ஜீனோ நினைவிருக்கிறது. ஆனால் தொடரைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போனவர்கள் ஏமாந்ததில்லை. நாவலைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்தார்கள். ஜீனோவின் குறும்பு சொல்லில் இருந்தது. அந்நாளையப் பெட்டித் தொலைக்காட்சியின் வசதிகளுக்கு அது எட்டவில்லை.

இதன்பின் நேர்ந்ததுதான் நம்மை உறுத்துகிறது. 'ரோஜா' 1992இல் வந்தது. பிறகு 'இந்தியன்', 'முதல்வன்', 'பாய்ஸ்', 'சிவாஜி' என்று வசனகர்த்தாவாகச் சுஜாதா வளர்ந்துகொண்டே போனார். எழுதாமல் இருக்கவில்லை. பத்திகள் எழுதினார், விஞ்ஞானச் சிறுகதைகள் எழுதினார், திரைக்கதை எழுதுவது எப்படி என்றே ஒரு நூல் எழுதினார். ஆயினும் ஜீனோவுக்குப் பின் அந்த அளவுக்கு மனத்தில் தங்கிய விஞ்ஞான நாவலை அவர் தரவில்லை என்றே நாம் கருதுகிறோம். பிளிஷுக்குத் திரையிலிருந்து வந்தவை புத்தகங்களாக நின்றன. சுஜாதாவிடம் இருந்தவை திரைக்குள் சென்று வசனமாகக் கரைந்தன. இயந்திரம் ஒன்று மனிதனாக முயல்வது என்ற ஜீனோவின் கருவே பெரிதாகி 'எந்திரன்' ஆயிற்று என்று நினைக்க இடமிருக்கிறது. தொண்ணூறுகளின் இறுதியில் கமல்ஹாசனை வைத்துத் தொடங்க நினைத்த அந்தப் படம் 2010இல் ரஜினிகாந்த் நடித்து வெளிவந்தபோது, வசனத்தில் சுஜாதாவின் பெயர் இருந்தது, அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27இல் மறைந்துவிட்டார். 'எந்திரன்' சுஜாதாவின் கையால் ஒரு நாவலாகவும் வந்திருக்குமானால் அந்த சிட்டி என்ன புத்தகம் படித்திருக்கும், யாரோடு வாதிட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

நண்பர் வீட்டுத் தொகுப்பில் கடைசி அத்தியாயங்கள் இல்லை. கரையானின் வேலையோ என்று கேட்டோம். இல்லையாம். "அதுக்குள்ள படம் வந்துருச்சு. முடிவு தெரிஞ்சு போச்சுன்னு அப்பா கிழிச்சு வைக்கிறத நிறுத்திட்டார்" என்றார்.