வேலிக்கு வெளியே நின்ற நிருபர்

அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரிலே, 1909ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மோட்டார்ப் பந்தயத் திடல் ஒன்று உண்டு. அதன் சுற்றளவு இரண்டரை மைல். 1911ஆம் ஆண்டு தொடக்கம், உலகப் போர்க்காலங்கள் நீங்கலாக, ஆண்டுதோறும், பெரும்பாலும் மே மாத இறுதியில், அங்கு 500 மைல் பந்தயம் நடைபெற்று வருகின்றது. 1950களில் இப்பந்தயத்தைப் பற்றி எழுதுவதற்காக, நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற செய்தித்தாளாகிய ‘ஹெரல்ட் றிபியூன்’ தன் நிருபர் ஒருவரை அனுப்பியது. நிருபரின் பெயர் டெனிஸ் மக்கிளகேஜ். வயது முப்பதை அண்மியது. எழுத்துத் திறமையிலோ, மோட்டார் வண்டி பற்றிய அறிவிலோ அவரிடம் யாரும் குறை கண்டதில்லை. ஆயினும் பத்திரிகையாளர் மாடத்துள் அவர் நுழைய இயலவில்லை. வண்டிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகைகளுக்கும் செல்ல இயலவில்லை. அவர் பெண் என்பதே காரணம்.

அக்காலத்து அமெரிக்கப் பந்தயத் திடல்களிலே வழங்கிய மூடநம்பிக்கைகள் பல. பச்சை நிற வண்டி ஆகாது. கொட்டகையருகே நிலக்கடலை தின்னலாகாது. பெண்ணின் காலடி படலாகாது. மணிக்கு நூற்றைம்பது மைல் வேகத்தைக் கணக்கிட்டு இயந்திரம் அமைத்த மனிதர்களே நிலக்கடலைக்கு அஞ்சினர் என்பது வியப்பாகவே இருக்கின்றது. பச்சை வண்டியும் கடலையும் பேசா. பெண்ணோ பேனாவும் குறிப்பேடும் ஏந்தி வாயிலில் நின்றாள்.

மக்கிளகேஜ் திரும்பிப் போகவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்றார். ஓட்டிகள் வேலியருகே வந்தபோது கம்பிகளின் ஊடாகவே வினாக்களைத் தொடுத்து, விடைகளைக் குறித்துக்கொண்டார். இதன் தீமையை அவர் ஒருவருக்கு நேர்ந்த அவமதிப்பாக மட்டும் கொள்ளுதல் போதாது. பந்தயச் செய்தி பிறக்கும் இடம் பார்வையாளர் மேடையன்று. எண்ணெய் வாடை வீசும் கொட்டகை. ஒரு வண்டி ஏன் பின்தங்கிற்று, எந்த உறுப்பு உடைந்தது, பொறிவினைஞர் முகத்தில் ஏன் கலக்கம் என்பனவெல்லாம் அங்கேதான் தெரியவரும். உள்ளே நின்ற ஆண் நிருபர் கண்ணாற் கண்டதை, வெளியே நின்ற பெண் நிருபர் பிறர் வாய்க் கேட்டே எழுதவேண்டியிருந்தது. பத்திரிகையை வாசித்தவர்களும் அந்த அளவுக்கு இழந்தவர்களே.

அவர் 1927ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் கன்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். கலிபோர்னியாவிலுள்ள மில்ஸ் கல்லூரியில் மெய்யியல், பொருளியல், அரசியல் ஆகியவற்றைக் கற்றுத் தேறி, ‘சான் பிரான்சிஸ்கோ குரொனிக்கிள்’ பத்திரிகையில் பணியாற்றத் தொடங்கினார். பாய்க்கப்பற் பந்தயம் ஒன்றைப் பற்றி எழுதச் சென்றவிடத்திலே பிறிக்ஸ் கன்னிங்ஹாம் என்னும் செல்வரைச் சந்தித்தார். கப்பலோட்டத்தில் வல்லவரான கன்னிங்ஹாம், பிரான்சின் லெ மான் பந்தயத்துக்கென அமெரிக்க வண்டிகளைத் தாமே அமைத்தவருமாவார். அச்சந்திப்பு மக்கிளகேஜின் ஆர்வத்தைத் தூண்டியது. எம்.ஜி. வகையைச் சேர்ந்த சிறிய ஆங்கிலேய வண்டி ஒன்றை வாங்கி, உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டலானார். 1954ஆம் ஆண்டில் நியூயோர்க் சென்று ‘ஹெரல்ட் றிபியூனில்’ விளையாட்டுச் செய்தியாளராகச் சேர்ந்தார்.

வேலிக்கு அப்பால் நடப்பதை அறிய அவர் கண்ட வழி இதுவே: எழுதுபவரே ஓட்டுபவராதல். அன்று பெண்களுக்கெனத் தனிப் பந்தயங்கள் சில நடந்தன. அவை பெரும்பாலும் சில சுற்றுகளில் முடிந்துவிடுவன, பார்ப்போருக்குப் பொழுதுபோக்கு. அவற்றுடன் அவர் அமையவில்லை. ஆண்களோடு சேர்ந்தோடும் நெடும் பந்தயங்களை நாடினார். வெள்ளைத் தலைக்கவசத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகளைத் தீட்டி அணிந்துகொண்டார். பெண் என்பதை மறைத்து உள்ளே புக அவர் விரும்பவில்லை என்பதற்கு அந்தப் புள்ளிகளே சான்று.

புளோரிடாவிலுள்ள சீபிரிங் திடல், இரண்டாம் உலகப் போரில் விமானப்படை பயன்படுத்திய தளம். கொங்கிரீட் ஓடுபாதைகளின் பொருத்துகளிலே வண்டிகள் குலுங்கி உடைவது வழக்கம். அங்கு நடைபெறும் பந்தயம் பகலில் தொடங்கி இரவில் முடியும். பன்னிரண்டு மணி நேரம். 1961ஆம் ஆண்டில் மக்கிளகேஜ், பெராரி வண்டியுடன் அதிற் கலந்துகொண்டார். அவருடன் மாறி மாறி ஓட்டியவர் அலன் ஈகர்; ஜாஸ் இசையில் சாக்சபோன் வாசிப்பதே அவர் தொழில். செய்தியாளர் ஒருவரும் இசைக் கலைஞர் ஒருவரும் ஓட்டிய அவ்வண்டி, பெரிய தொழிற்சாலைக் குழுக்களும் போட்டியிட்ட அப்பந்தயத்தில் மொத்தத்தில் பத்தாவதாக வந்து, தன் பிரிவிலே முதலிடம் பெற்றது. 1964ஆம் ஆண்டில் மொன்டி கார்லோ நெடுந்தூரப் போட்டியிலும் போர்ட் வண்டியில் பிரிவு வெற்றி ஒன்றைப் பெற்றார்.

ஆயினும் லெ மான் அவருக்குத் திறக்கவில்லை. 1956ஆம் ஆண்டில் றீம்ஸ் பந்தயத்திலே பிரெஞ்சு ஓட்டியாகிய அனி பூஸ்கே உயிரிழந்தார். அதன்பின் லெ மான் அமைப்பாளர் பெண்களை ஏற்க மறுத்தனர். அதற்கு முந்திய ஆண்டிலே அதே லெ மானில் எண்பதுக்கு மேற்பட்டோர் ஒரே விபத்தில் மாண்டிருந்தனர். அதற்காக ஆண்கள் எவரும் தடைசெய்யப்படவில்லை.

1958ஆம் ஆண்டில் ‘கொம்பெற்றிஷன் பிரஸ்’ என்னும் பந்தயப் பத்திரிகையைத் தொடங்கியோருள் மக்கிளகேஜும் ஒருவர். பிற்காலத்தில் ‘ஓட்டோவீக்’ எனப் பெயர் பெற்றதும் அதுவே. பாஞ்சியோ, ஸ்டேர்லிங் மொஸ் போன்ற மாபெரும் ஓட்டிகள் அவருடைய நண்பர்கள். அவர்களை அவர் தெய்வங்களாக்கி எழுதவில்லை. வளைவில் வண்டி வழுக்கும்போது கைகளில் உணரப்படுவது யாது என்பதைத் தாமே அறிந்தவராகையால், வியப்புரைகள் அவருக்குத் தேவைப்படவில்லை.

இந்தியானாபொலிஸ் வாயில் பெண் செய்தியாளருக்குத் திறந்தது 1971ஆம் ஆண்டிலேதான். அதுவும் சிலர் சட்டத்தை நாடிய பின்னரே. 1977ஆம் ஆண்டில் ஜனற் கத்ரி என்பவர் அங்கு பந்தயத்தில் இறங்கிய முதற் பெண்ணானார். “கனவான்களே, இயந்திரங்களை இயக்குங்கள்” என்னும் மரபான கட்டளையை மாற்றமாட்டோம் என்றனர் திடலின் அதிகாரிகள். இயந்திரத்தை இயக்குபவர் ஓட்டியல்லர், பொறிவினைஞரே என்பது அவர்கள் கூறிய நியாயம். கத்ரியின் குழுவினர் அப்பணிக்கும் ஒரு பெண்ணையே நிறுத்திவிட்டனர். கட்டளை மாறிற்று.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார்த் துறையின் புகழ்மண்டபத்திலே மக்கிளகேஜ் இடம்பெற்றார். அவருக்கு முன் பத்திரிகையாளர் எவரும் அங்கு இடம்பெற்றதில்லை. முதுமையிலும் வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுவதை அவர் விடவில்லை. 2015ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் சாந்தா பே நகரில், தமது 88ஆம் வயதிலே காலமானார். அவ்வாண்டின் இந்தியானாபொலிஸ் பந்தயத்துக்கு அப்போது மூன்று வாரங்கள்கூட இருக்கவில்லை.